அத்தையின் இருமல் சத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு 44 வயது. தூத்துக்குடி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். ஒரே மகள், இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

இயேசு திரும்ப வந்து தம்முடைய ஜனங்களை எடுத்துக்கொண்டுபோகும் வருகையைப் பற்றி என் வீட்டில் ஒருவருக்கும் கவலையே இல்லை. அதுதான் என் பாரம். 2022-இல் ஐந்து சிவப்புக் கிடாரிகளை அமெரிக்காவிலிருந்து இஸ்ரவேலுக்குக் கொண்டுவந்தார்கள், எருசலேம் ஆலயம் மறுபடி எழும்பப்போகிறது என்பதற்கு அது அடையாளம் என்கிறார்கள். அடுத்த வருடமே யுத்தம். கடைசி நாட்களில் இஸ்ரவேலுக்கு விரோதமாகப் பல தேசங்கள் வரும் என்கிற எசேக்கியேல் 38 கண்முன்னே நடக்கிறது. இதைச் சொன்னால் வீட்டுக்காரர் "சரி, சோறு போடு" என்கிறார். அதோடு விட்டாலும் பரவாயில்லை, போன மாதம் மூன்று சென்ட் மனைக்கு முன்பணம் வேறு கொடுத்துவிட்டார். நாமே இங்கே இருக்கப்போவதில்லை, மனை எதற்கு என்று கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை.

அத்தையைச் சொல்லவே வேண்டாம். 74 வயது. உபவாச ஜெபத்துக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி என்பார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற பாட்டிக்குக் கஞ்சி கொண்டுபோக மட்டும் கால் வலிக்காது. சாயங்காலம் ஆனால் சீரியல். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்கிற 23-ஆம் சங்கீதத்தைத் தாண்டி எதையும் வாசித்து நான் பார்த்ததில்லை. எங்கள் சபையின் போதகர் ஐயரும் வருகையைப் பற்றி ஒரு ஞாயிறாவது பிரசங்கித்தது கிடையாது. நான்தான் ராத்திரி யூடியூபில் செய்தி கேட்டு விழித்திருக்கிறேன்.

மகள் நர்சிங் சேர வேண்டும் என்கிறாள். இடமும் கிடைத்துவிட்டது. நான்கு வருடப் படிப்பு. இனி நான்கு வருடம் இருக்கிறதா என்று கேட்டேன். என் நகையை அடகு வைத்துத்தான் பணம் கட்ட வேண்டும், நான் கொடுக்கவில்லை. அவளும் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டில் நான் ஒருத்திதான் விழித்திருக்கிறேன் அம்மா.

தூக்கமும் சரியில்லை. இரண்டு மணி, மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் எழுந்து போய் அத்தை அறை வாசலில் நிற்பேன். அவர்கள் இருமினாலோ புரண்டு படுத்தாலோ அப்பாடா என்று வந்து படுத்துக்கொள்வேன். சின்ன வயதிலிருந்தே வீட்டில் ஆள் இல்லையென்றால் எனக்கு இப்படித்தான். அதை விடுங்கள். இவர்களை எப்படி எச்சரிப்பது? வெளிப்படுத்தின விசேஷத்தில் சொல்லியிருக்கிற, அது இல்லாமல் வாங்கவோ விற்கவோ முடியாத 666 முத்திரை வருவதற்குள் ஆதார், வங்கிக் கணக்கு இதையெல்லாம் என்ன செய்வது? எப்படி ஆயத்தப்படுவது?

இப்படிக்கு,
ஒரு சகோதரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

"அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை.

ராத்திரி மூன்று மணிக்குக் கணவர் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். மகளும் அதே வீட்டில்தான் தூங்குகிறாள். அவர்கள் இருக்கிறார்களா என்று நீங்கள் தேடவில்லை. அத்தையின் வாசலில் போய் நிற்கிறீர்கள். கர்த்தர் வந்திருந்தால் இந்த வீட்டில் முதலில் காணாமல் போகிற ஆள் அத்தைதான் என்று உங்கள் மனதுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் இருமினால், இன்னும் வரவில்லை, நான் கைவிடப்படவில்லை என்று நெஞ்சு ஆறுகிறது. கடிதம் முழுக்க அத்தை ஆயத்தமில்லை என்கிறீர்கள். ராத்திரியில் உங்கள் கால் வேறு சாட்சி சொல்கிறது. அந்த வீட்டில் ஆயத்தமில்லாதவள் என்று நீங்கள் நினைப்பது உங்களைத்தான்.

இந்தப் பயம் 2022-இல் வந்ததும் இல்லை. "சின்ன வயதிலிருந்தே" என்கிறீர்களே. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவு திறந்து கிடக்கும், அடுப்பில் உலை கொதிக்கும், அம்மாவைக் காணோம். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருப்பார். ஆனால் இரகசிய வருகைப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, எல்லாரும் போய்விட்டார்கள், நான் மட்டும் நின்றுவிட்டேன் என்று நடுங்க அந்த ஐந்து நிமிடம் போதும். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட இதை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சிறுமிக்குத்தான் இன்னும் தூக்கம் வரவில்லை. நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் அவளைத் தினமும் எழுப்பிவிடுகின்றன.

மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவதைப் பற்றிப் பவுல் யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். தெசலோனிக்கேயில் சொந்தக்காரர்களைச் சாகக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டிருந்தவர்களுக்கு. இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றுதான் அந்த அதிகாரம் முடிகிறது. ஆறுதல் கடிதத்தை உங்கள் கையில் யாரோ பிரம்பாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கடைசி நாட்களின் உபத்திரவ காலத்துக்கு முன்பே சபை இரகசியமாக எடுக்கப்படும் என்ற விளக்கம் பரவியதே 1830-களில், ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வழியாகத்தான். 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன. அதை நம்புகிறவர்களும் உண்டு, நம்பாத நல்ல விசுவாசிகளும் உண்டு. உங்கள் ஐயரைக் குறை சொல்லாதீர்கள். "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அது வருகை இல்லாமல் வேறென்ன?

நாள் குறித்தவர்களின் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-க்குக் காத்திருந்தார்கள். சிலர் பயிரைக்கூட அறுக்காமல் விட்டார்கள். ஹெரால்டு கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் 2011 மே 21 என்றார். அதை நம்பிச் சேமிப்பைச் செலவழித்தவர்கள் உண்டு. மறு வருடம் அவரே, நாள் குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார். நீங்கள் நாள் குறிக்கவில்லைதான். ஆனால் "நான்கு வருடம் இருக்கிறதா" என்று மகளிடம் கேட்டதும் கணக்குதானே?

இங்கே நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். அந்தப் பிள்ளையின் படிப்பை உங்கள் பயத்துக்குக் காணிக்கையாக வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. மத்தேயு 24-ஐ எத்தனையோ முறை வாசித்திருப்பீர்கள். யுத்தங்கள், பஞ்சங்கள், பூமியதிர்ச்சிகள் எல்லாம் அதில்தான். ஒரு பக்கம் தள்ளி 25-ஐ வாசியுங்கள். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்கிறார். உங்கள் மகள் நான்கு வருடம் படிக்கப்போவது அதைத்தான். அந்த அதிகாரத்தில் நீதிமான்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஆண்டவரே, எப்போது நாங்கள் உமக்கு இதையெல்லாம் செய்தோம் என்கிறார்கள். செய்தது அவர்களுக்கே தெரியவில்லை. முழங்கால் வலியோடு கஞ்சித் தூக்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு நடக்கிற உங்கள் அத்தைக்கும் தெரியாது.

மனை விஷயத்தில் எரேமியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். பாபிலோன் ராணுவம் எருசலேமைச் சுற்றி நிற்கிறது. நகரம் விழப்போகிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும், அதைச் சொன்னதற்காகக் காவலிலும் இருக்கிறார். அந்த நேரத்தில்தான் ஆனதோத் என்ற ஊரில் இருந்த நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, சாட்சி வைத்துப் பத்திரம் எழுதி, அதை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். 32-ஆம் அதிகாரம். முடிவு வருகிறது என்று அறிந்தவர் நிலம் வாங்கினார். அதனால் வீட்டுக்காரரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் இருக்கிறபடியே இருக்கட்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போனை அணைத்து அடுப்படியில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் பார்த்தும் விழிப்பும் படபடப்பும் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

அப்புறம், அடுத்த முறை விழிப்பு வந்தால் வாசலில் நிற்காமல் உள்ளே போய் அத்தை பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். "பயமாக இருக்கிறது அத்தை" என்று சொல்லுங்கள். 23-ஆம் சங்கீதம் அவர்களுக்குத் தெரியும்.

கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக் காலையில் மகளைக் கேளுங்கள்.