யூசர் ஃப்ளோ வரைய ஏஐ கருவிகளை நம்பலாமா?

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், சாயங்காலத்துக்குள் யூசர் ஃப்ளோ (ஆப்பைப் பயன்படுத்துகிறவர் படிப்படியாக எந்தத் திரைக்குப் போவார் என்று காட்டும் வரைபடம்) வேண்டும் என்று மேலே இருப்பவர் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். சரி, பயன்படுத்துங்கள், அதில் தப்பே இல்லை. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கருவி தந்ததை அப்படியே கொண்டுபோய் மீட்டிங்கில் வைத்துவிடாதீர்கள்.

போன வருடம் ஒரு மருத்துவமனைக்காக, டாக்டரைப் பார்க்க டோக்கன் போடும் ஆப் ஒன்றில் வேலை செய்தேன். இரண்டு நாள் அங்கே கவுண்டருக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆபீஸுக்குத் திரும்பினால், ப்ராஜெக்ட் மேனேஜர் அதற்குள் ஏஐயிடம் கேட்டு முழு ஃப்ளோவையும் வாங்கி வைத்திருக்கிறார். "அஞ்சு நிமிஷத்துல வந்துடுச்சு, இதுக்கு எதுக்கு ரெண்டு நாள்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம்.

அந்தப் படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மொபைல் எண், ஓடிபி, டாக்டர், தேதி, பணம், டோக்கன். பணம் கட்டும் இடத்தில் ஒரு டைமண்ட், அதாவது கேள்வி கேட்டு வழி பிரியும் பெட்டி: 'பணம் வந்ததா?' ஆம் என்றால் டோக்கன், இல்லை என்றால் 'மீண்டும் முயலவும்'.

கவுண்டரில் நான் பார்த்தது இந்த இரண்டிலும் சேராது. ஒரு அம்மா போனை நீட்டி, "பணம் போயிடுச்சு தம்பி, டோக்கன் வரலையே" என்று நின்றார். யூபிஐயில் இது நடக்கிற விஷயம்தான். கணக்கில் பணம் கழிந்துவிடும், ஆனால் வந்து சேர்ந்ததற்கான உறுதி கடைக்காரர் பக்கம் வராது. அப்படிப் போன பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. ஆனால் அந்த அம்மா அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டும். 'மீண்டும் முயலவும்' என்று திரை சொன்னால் இன்னொரு முறை கட்டிவிடுவார், பஸ்ஸுக்குக்கூடக் கையில் மிஞ்சாது. 'இன்னும் தெரியவில்லை' என்று மூன்றாவது கிளை ஒன்று வேண்டும். அதில் டோக்கனைப் பிடித்து வைத்துக்கொண்டு, வங்கிப் பக்கம் நிலவரத்தைத் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டும்.

ஓடிபி கதையும் இதே மாதிரிதான். ஒரு எண்ணுக்கு ஒரு நோயாளி என்று படம் எடுத்துக்கொண்டது. அங்கே ஒரே மகனின் எண்ணில் அப்பா, அம்மா, அத்தை மூவரும் பதிந்திருந்தார்கள். மகன் வேறு ஊரில் இருக்கிறார், ஓடிபி அவருக்குத்தான் போகும்.

'ப்ராம்ப்ட் (ஏஐயிடம் கேட்கும் வாசகம்) சரியாக எழுதவில்லை' என்று யாராவது கமெண்டில் வருவார்கள். ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது கிளையைப் போடு என்றதும் நொடியில் போட்டது. ஆனால் அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அந்த பெஞ்சில் உட்கார்ந்ததால். ஏஐ மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பணம் கட்டிய பிறகு டாக்டர் லீவு போட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை, அதைக் கேட்டது அதுதான்.

இப்போது நான் செய்வது இப்படி. முதலில் ஃப்ளோவை நானே தமிழில் வரி வரியாக எழுதுவேன். அப்புறம் ஏஐயிடம் அதைப் படமாகக் கேட்காமல் மெர்மெய்ட் (எழுத்தில் எழுதினால் வரைபடமாகத் தெரியும் ஒரு முறை) குறியீடாகக் கேட்பேன். படமாக வந்தால் தமிழ் எழுத்து சிதைகிறது, ஒரு பெட்டியை மாற்றவும் முழுதாகத் திரும்ப வரைய வேண்டியிருக்கிறது. மெர்மெய்ட் வெறும் எழுத்து, ஒரு வரியைத் திருத்தினால் போதும். டெவலப்பர்கள் கோடு வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹப்பிலும் 2022 முதல் அது நேரடியாகப் படமாகவே தெரிகிறது, அவர்களும் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். கடைசியாக, 'எந்தப் பெட்டியிலிருந்து வெளியேற வழி இல்லை?' என்று கேட்பேன். இதில் ஏஐ கெட்டி.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதே ஆப்பின் திரைகளில் வரும் தமிழைக் கடைசி நாளில் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்தார்கள், யாரிடமும் காட்டவில்லை. அப்பாயிண்ட்மென்ட் என்பது 'நியமனம்' என்று வந்தது. வேலை உத்தரவுக்குச் சொல்கிற வார்த்தை! 'சமர்ப்பிக்கவும்' பட்டனுக்குள் அடங்கவில்லை என்று எழுத்தைப் பொடியாக்கினார்கள். அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். கவுண்டரில் அத்தனை பேரும் சொன்னது 'டோக்கன் போடணும்' என்றுதான், அதை அப்படியே பட்டனில் எழுதியிருக்கலாம். மூன்று மெயில் அனுப்பினேன். மூன்றாவது கிளையைச் சேர்த்துவிட்டார்கள், 'நியமனம்' இன்னும் அப்படியே இருக்கிறது.