கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: மாற்றியும் மாறாத பிரவுசர்

(கட்டளைகளை உச்சரிப்புப்படி அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கவும்.)

ஐயா, ஆத்தங்குடிக் கல் பட்டறை ஆபீஸில் லினக்ஸ் மின்ட், சினமன் டெஸ்க்டாப். குரோம்தான் வேண்டுமென்று செட்டிங்ஸில் மாற்றியாயிற்று. ஆனாலும் தண்டர்பேர்டுக்கு வரும் மெயிலில் லிங்க்கைத் தட்டினால் ஃபயர்ஃபாக்ஸே திறக்கிறது. ஏன்?
– வாசகர், ஆத்தங்குடி

குற்றம் சிஸ்டத்திலா, தண்டர்பேர்டிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். டெர்மினலில் 'எக்ஸ்டிஜி-ஓப்பன்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கும் ஏதாவது ஒரு முகவரியைக் கொடுங்கள். குரோம் திறந்தால் சிஸ்டத்தில் கோளாறு இல்லை. தண்டர்பேர்ட் பழைய பதிலை நினைவில் வைத்திருக்கிறது. அதன் செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் 'ஃபைல்ஸ் அண்டு அட்டாச்மென்ட்ஸ்' என்ற அட்டவணை உண்டு. அதில் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் வரிகள் இருந்தால் எதிரே உள்ள ஃபயர்ஃபாக்ஸை மாற்றிவிடுங்கள்.

டெர்மினல் சோதனையிலும் ஃபயர்ஃபாக்ஸ்தான் வருகிறதா? செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். டிஃபால்ட் பிரவுசருக்கும் வாசல் ஒன்றல்ல: எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், எச்டிஎம்எல் கோப்பு ஆகிய மூன்றும் தனித்தனியாகப் பதிவாகும். ஒன்று மட்டும் பழைய பிரவுசரிடம் தங்கிவிட்டால் நீங்கள் சொல்லும் குழப்பம் வரும். மூன்றையும் ஒருசேர மாற்ற: 'எக்ஸ்டிஜி-செட்டிங்ஸ் செட் டிஃபால்ட்-வெப்-பிரவுசர் கூகுள்-குரோம்.டெஸ்க்டாப்'. முன்னால் சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போடாதீர்கள். போட்டால் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கு மாறும், உங்களுக்கு மாறாது.

இந்தப் பதிவெல்லாம் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் '.கான்ஃபிக்' ஃபோல்டரில், 'மைம்ஆப்ஸ்.லிஸ்ட்' என்ற கோப்பில் இருக்கிறது. பக்கத்திலேயே 'எக்ஸ்-சினமன்-மைம்ஆப்ஸ்.லிஸ்ட்' என்று இன்னொன்று கிடந்தால் சினமனில் அதற்கே முன்னுரிமை. அதில் ஃபயர்ஃபாக்ஸ் என்று எழுதியிருக்கும் வரிகளை நீக்குங்கள்.

குரோம் தினமும் "டிஃபால்ட் பிரவுசர் ஆக்கவா?" என்று கேட்கிறது. சரி என்று அழுத்தினாலும் மறுநாள் அதே கேள்வி.
– வாசகி, தேவகோட்டை

மேலே சொன்ன செட் கட்டளையை நீங்களே ஓட்டிப் பாருங்கள். குரோம் மறைக்கும் பிழைச்செய்தி டெர்மினலில் தெரியும். பிரவுசர் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் (புரோகிராம்கள் பார்த்து நடக்கும் ஓர் அமைப்பு) தடுக்கிறது என்று சொன்னால், ஹோமில் உள்ள '.புரொஃபைல்', '.பேஷ்ஆர்சி' கோப்புகளில் அந்த வரியைத் தேடி எடுத்துவிட்டு, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். எழுத அனுமதி இல்லை என்று சொன்னால், எப்போதோ சூடோ வைத்து ஓட்டிய ஏதோ ஒரு புரோகிராம் '.கான்ஃபிக்' ஃபோல்டரை ரூட் பெயருக்கு மாற்றியிருக்கும். உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன்' கட்டளையால் உங்கள் பெயருக்குத் திருப்புங்கள். சூடோ தேவைப்படும் இடம் இது ஒன்றுதான்.

மொசில்லா தளத்திலிருந்து ஃபயர்ஃபாக்ஸை டார் கோப்பாக இறக்கி, /ஆப்ட் ஃபோல்டரில் பிரித்து வைத்தேன். ஓடுகிறது. ஆனால் டிஃபால்ட் பட்டியலில் பெயரே இல்லை.
– வாசகர், பள்ளத்தூர்

புரோகிராமை டெஸ்க்டாப்புக்கு அறிமுகப்படுத்தும் '.டெஸ்க்டாப்' கோப்பு இல்லாவிட்டால் அது பட்டியலுக்கு வராது. டார் கோப்பைப் பிரித்தால் அந்த '.டெஸ்க்டாப்' கோப்பு தானாக உருவாகாது. நாம்தான் எழுத வேண்டும். ஹோமில் '.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபயர்ஃபாக்ஸ்-ஆப்ட்.டெஸ்க்டாப்' என்று ஒரு கோப்பு தொடங்குங்கள். வரிகள் ஐந்தே:

[டெஸ்க்டாப் என்ட்ரி]
டைப்=அப்ளிகேஷன்
நேம்=ஃபயர்ஃபாக்ஸ்
எக்ஸெக்=/ஆப்ட்/ஃபயர்ஃபாக்ஸ்/ஃபயர்ஃபாக்ஸ் %யு
மைம்டைப்=டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்;எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர்/எச்டிடிபி;எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர்/எச்டிடிபிஎஸ்;

இங்கே மட்டும் சின்ன எழுத்து விதி செல்லாது. முதல் வரியில் இரு சொற்களும், மற்ற வரிகளில் சமக்குறிக்கு முன்னால் உள்ள சொற்களும், 'அப்ளிகேஷன்' என்பதும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்; 'மைம்டைப்'பில் எம், டி இரண்டும் பெரிசு. %யு சின்ன எழுத்து. அதை விட்டுவிட்டால் பிரவுசர் திறந்தும் தட்டிய பக்கம் வராமல் போகலாம். பலர் கோட்டைவிடும் இடம், எதையெல்லாம் திறக்கும் என்று சொல்லும் மைம்டைப் வரிதான்: அது இல்லாவிட்டால் மெனுவில் ஐகான் வரும், டிஃபால்ட் பட்டியலில் வராது. கடைசியில் 'அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ்' கட்டளையை அந்த ஃபோல்டரின் பாதையோடு ஓட்டுங்கள்.

உபுண்டு 22.04-ல் செட் கட்டளைக்கு 'ஃபயர்ஃபாக்ஸ்.டெஸ்க்டாப்' என்று கொடுத்தால் ஏற்க மறுக்கிறது.
– மாணவர், காரைக்குடி

அதில் ஃபயர்ஃபாக்ஸ், ஸ்னாப் என்ற தனிவகைப் பொதியாக வருகிறது. பெயரும் 'ஃபயர்ஃபாக்ஸ்_ஃபயர்ஃபாக்ஸ்.டெஸ்க்டாப்', நடுவில் இருப்பது அடிக்கோடு. ஃப்ளாட்பேக் என்ற இன்னொரு பொதிவகை வழியாகப் போட்டிருந்தால் 'ஓஆர்ஜி.மொசில்லா.ஃபயர்ஃபாக்ஸ்.டெஸ்க்டாப்'.