நாலு வயதுக் கடத்தல்காரர்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. நான் வேலைக்குப் போவதால் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறேன். வீட்டுப் பொம்மைகளை ஒளித்து அங்கே கொண்டுபோகிறான். அங்குள்ளவற்றை ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான். பொம்மை எடுத்து வரக் கூடாது என்பது காப்பக விதி. வாசலில் பையைச் சோதிக்கிறார்கள், அப்படியும் நடக்கிறது. நேற்று ஒரு மஞ்சள் லாரி வந்திருக்கிறது. இந்தப் பொம்மை கடத்தலை எப்படி நிறுத்துவது? இப்போதே கண்டிக்காவிட்டால் நாளைக்குத் திருடனாகிவிடுவானா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், ஈரோடு

பதில்: முதலில் எங்கள் வீட்டுச் சண்டை ஒன்று. 'பொம்மை கடத்தல்' என்று நீங்கள் சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் நடுவில் ஒரு 'க்' செருகினார். நான் அடித்தேன். மறுபடி செருகினார். 'பொம்மையைக் கடத்தல்' என்று உருபை விரித்தால் 'க்' தானாக வந்து உட்காரும். இரண்டாம் வேற்றுமைத் தொகையாக நின்றால் வல்லினம் மிகாது. பள்ளிக்கூடத்துப் பாடம் இது. ஆனாலும் பதினைந்து வருஷமாக அவர் ஒற்றுகளை உள்ளே கடத்துகிறார், நான் வாசலில் நின்று சோதனை போடுகிறேன். வாரத்துக்கு நாலைந்து தப்பிப் போய்விடுகின்றன. உங்கள் காப்பகத்து ஆயாவின் பாடு எனக்கு நன்றாகப் புரிகிறது.

கடத்தல் என்றதும் எனக்கு மொரார்ஜி தேசாய் ஞாபகம் வருகிறார். ('வந்துட்டாருய்யா' என்று சிலர் முனகுவது கேட்கிறது. பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.) அவர் நிதியமைச்சராக இருந்தபோது, 1963 ஜனவரியில், 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று விதி வந்தது. 1968இல் தனிச் சட்டமே போட்டு, தங்கக் கட்டியை வீட்டில் வைத்திருப்பதையும் குற்றமாக்கினார்கள். ஜனங்கள் தங்க ஆசையை விட்டார்களா? 14 காரட்டில் தாலி செய்ய எந்த மாமியார் சம்மதிப்பாள்? பொற்கொல்லர்கள் பிழைப்பு போயிற்று. தங்கம் படகிலும் பெட்டியின் அடித்தட்டிலும் செருப்புக் குதிகாலிலும் வந்து இறங்கியது. கடைசியில் 1990இல் சட்டத்தை எடுத்தார்கள். 1992இல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் இந்தியர் வரி கட்டிவிட்டு ஐந்து கிலோ வரை கையோடு கொண்டுவரலாம் என்றார்கள். வாசல் வழியே வர வழி இருந்தால் குதிகாலைக் குடைகிறவர்கள் குறைவார்கள். 2024 ஜூலையில் இறக்குமதி வரியை 15 சதவீதத்தில் இருந்து 6 சதவீதமாகக் குறைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

உங்கள் மகன் குதிகால் கட்டத்தில் இருக்கிறான். பையைச் சோதிக்கிறார்கள் என்கிறீர்கள், சாக்ஸைச் சோதிக்கிறார்களா? என் பேத்தி மூன்றரை வயதில் ஒரு பிளாஸ்டிக் யானையைத் தயிர்சாத டப்பாவுக்குள் புதைத்துக் கொண்டுபோனாள். தும்பிக்கை மட்டும் சோற்றுக்கு மேலே தெரிந்தது. மதியம் டப்பாவைத் திறந்த ஆயா போட்ட கூச்சலில் யானைக்குத்தான் பயம் பிடித்துவிட்டது என்று சாயங்காலம் வந்து சொன்னாள்.

திருடனாகிவிடுவானா என்ற கவலைக்கு நாட்டின் சட்டமே பதில் வைத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 82ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 20ஆம் பிரிவு: ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. வெள்ளைக்காரன் எழுதி வைத்துப் போனதை நம்மவர்கள் எண்ணை மட்டும் மாற்றி அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆகவே உங்கள் பிள்ளைக்கு இன்னும் மூன்று வருஷம் முழு விலக்கு. எனக்குக் கிடைக்காத சலுகை.

தமிழில் 'கடத்தல்' போலீஸ்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. அறிவியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். வெப்பக் கடத்தல், மின்கடத்தி, அரிதிற் கடத்தி. சூடான பக்கத்தில் இருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வெப்பம் போவதும் கடத்தல்தான். உங்கள் பையன் செய்வது இந்தக் கடத்தலைத்தான் என்று நான் நினைக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு அம்மா கையை விட்டுவிட்டுப் போகிறாள். வீட்டில் இருந்து ஒரு துண்டு பாக்கெட்டில் இருந்தால் அந்த இடம் கொஞ்சம் சூடாக இருக்கிறது. சாயங்காலம் பாதி விளையாட்டில் அம்மா வந்து 'கிளம்பு' என்கிறாள். முடியாத விளையாட்டின் மிச்சம் பாக்கெட்டில் ஏறுகிறது. வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1953இல் வெளிவந்த கட்டுரையில் குழந்தைகள் விடாமல் இழுத்துக்கொண்டு திரியும் பழந்துணி, பொம்மைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தத் துணியைத் துவைத்தால்கூடக் குழந்தைக்கு ஏதோ அறுந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. நம் பாட்டிமார் இது தெரிந்துதான் பேரன் பிடித்துத் தூங்கும் பழைய புடவைத் துண்டைச் சலவைக்குப் போடாமல் விட்டார்கள்.

காப்பகத்தின் விதியிலும் நியாயம் இருக்கிறது. இருபது பிள்ளைகள் நடுவே ஒரு ரிமோட் கார் இறங்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பொத்தான் பேட்டரி, குட்டிக் காந்தம் உள்ள எதுவும் வீட்டுப் படியே தாண்டக் கூடாது; விழுங்கினால் ஆஸ்பத்திரிதான், அதில் என்னிடம் சிரிப்புக்கு இடமில்லை. ஆனால் 1992 போல ஒரு சலுகை கேட்டுப் பாருங்கள். துணியால் ஆன ஒரே ஒரு உருப்படி, பைக்குள் இருக்கும், தூங்கும் நேரத்தில் மட்டும் வெளியே வரும். வரி வேண்டாம்.

வருகிற சரக்குக்கு என் பாட்டியின் முறை. அப்போது நான் பால்வாடியில். அங்கே மரச் சொப்பு ஆட்டுக்கல் ஒன்று இருந்தது. கல்லை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பாட்டி படுக்கையைச் சுருட்டும்போது உருண்டு விழுந்தது. திட்டவில்லை. என் கையிலேயே கொடுத்து, கூடவே நடந்து வந்து, வாசலில் ஆயாவிடம் சொன்னாள்: "ஆட்டிப் பாக்கணும்னு எடுத்துட்டு வந்துட்டானாம். நல்லா ஆட்டுதாம். தந்துடுறேங்கிறான்." நான் நீட்டினேன். ஆயா வாங்கி ஆட்டுக்கல்லில் செருகினார். உள்ளே ஒரு பெண் இரண்டு நாளாகக் குழவி இல்லாத கல்லில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அந்த மஞ்சள் லாரியை எந்தக் குழந்தையாவது தேடிக்கொண்டிருக்கும். நாளைக் காலையில் அதை உங்கள் மகன் கையிலேயே கொடுத்து அழைத்துப் போங்கள். பையில் போடாதீர்கள், சோதனையில் மாட்டிக்கொள்வான்.