வாசகர் கேள்வி பதில்: பூவைக் குறைக்கலாம், நாளைக் குறைக்கலாமா?

கேள்வி: ஐயா, ஆத்தங்குடிக்கு அருகில் அப்பா தொடங்கிய பூக்கல் (தரையில் பதிக்கும் பூவேலைச் சிமென்ட் கல்) பட்டறையை நான் நடத்தி வருகிறேன். அவர் காலத்தில் கல்லைத் தொட்டியில் ஊறப்போட்ட நாட்களில் பாதிகூட நாங்கள் இப்போது போடுவதில்லை. வாங்குபவர் யாரும் குறை சொன்னதும் இல்லை. அதே பூவை அச்சிட்ட இயந்திர ஓடுகள் மலிவாக வந்துவிட்ட பிறகு, இதற்கு மேல் மெனக்கெட்டு என்ன பயன் என்று தோன்றுகிறது. அஞ்சல் வழியில் படித்த பட்டப்படிப்பும் இரண்டு தாள் பாக்கியோடு நிற்கிறது. எல்லாவற்றிலும் ‘ஏதோ ஓடுகிறது’ என்றே இருந்துவிட்டேன். மீள வழி உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எதிலும் உச்சத்தைத் தொட்டே தீரவேண்டும் என்று உங்களுக்கு நான் உபதேசம் செய்யப்போவதில்லை. 1978இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்கள் எல்லா வழிகளையும் அலசி மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை, தாம் மனத்தில் வைத்திருக்கும் அளவை எட்டிய ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள் என்று விளக்கினார். அதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால், எட்ட முடியாமல் சிரமப்படும்போது அந்த அளவே கீழிறங்கிவிடும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். உங்கள் தொட்டியில் நடந்திருப்பது இந்த இரண்டாவது விஷயம்தான். நாட்களை இவ்வளவு குறைப்பது என்று நீங்கள் எந்த நாளிலும் உட்கார்ந்து முடிவெடுத்திருக்க மாட்டீர்கள்.

கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அச்சின் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு உலர்கலவையைத் தூவி, அதன்மேல் சிமென்ட் கலவையை இட்டு மட்டம் செய்யும் வேலை எல்லோர் கண்ணிலும் படுகிறது. பூ கோணினால் வாங்குபவர் அன்றைக்கே கேட்டுவிடுவார். ஊறும் வேலையோ யார் கண்ணிலும் படுவதில்லை. சிமென்ட்டின் வலிமையை 28ஆம் நாளில் சோதிப்பது வழக்கம். 7ஆம் நாளில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும், அதுவும் ஈரம் காயாமல் இருந்தால். சீக்கிரம் எடுத்த கல்லுக்கும் கண்ணாடி அதே பளபளப்பைத் தந்துவிடுகிறது என்பதால், வண்டியில் ஏறும் நாளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மேற்பரப்பு பொடிந்து கறை பிடிப்பது சில ஆண்டுகள் கழித்து, யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில். குறை சொல்ல ஆள் வரவில்லை என்பதை ஒரு சான்றாக நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது.

விலைப் போட்டியைப் பற்றிச் சொன்னீர்கள். சுமாரான தளத்தை மலிவாகத் தருவதில் இயந்திரத்தை நீங்கள் வெல்லப்போவதில்லை; கையால் செய்த சுமாரான கல்லுக்குச் சந்தையில் இடமே கிடையாது. எனவே விலை குறைய வேண்டும் என்று கேட்பவரிடம் ஐந்து வண்ணப் பூவுக்குப் பதில் இரண்டு வண்ணக் கட்டத்தைக் காட்டுங்கள், அல்லது ஓரக்கல்லை மட்டும் பூவாக வைத்து நடுவில் வெறுங்கல் பதிக்கச் சொல்லுங்கள். அது அவர் தெரிந்தே ஏற்கும் குறைவு. தொட்டியில் நாளைக் குறைப்பது அவருக்குத் தெரியாமல் அவர் தலையில் கட்டும் குறைவு.

இதை வைராக்கியத்தை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்த நகரத்தார், கடலுக்கு அப்பால் அந்தக் கடையை நடத்திய மேலாளை, அதாவது தங்கள் முகவரை, நம்பத்தான் செய்தார்கள். ஆனாலும் ஐந்தொகை, அதாவது கடையின் இருப்புநிலைக் கணக்கு, தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். (நம்மில் பலர் அவர்கள் கட்டிய வீட்டைத்தான் வியக்கிறோம், எனக்கு வியப்பு அந்தக் கணக்கின்மேல்.) அப்படி ஒரு ஏற்பாடு உங்களுக்கும் வேண்டும். தொட்டியில் இறக்கிய தேதியைத் தொட்டிச் சுவரில் எழுதுங்கள். குறித்த நாளுக்கு முன் எடுப்பதில்லை என்பதைக் கூலியாட்களுக்கும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு கல்லை எடுத்து வைத்து, ஒரு மாதம் கழித்து ஆணியால் கீறிப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு அது எவ்வளவு விரைவில் உறிஞ்சப்படுகிறது என்றும் பாருங்கள். கல் கணக்கில் கூலி கொடுப்பவரானால், அந்த முறையே ஆட்களை அவசரப்படுத்துகிறதா என்றும் யோசியுங்கள்.

பட்டப்படிப்பு வேறு கதை. இரண்டு தாள் நிற்பதாலேயே அது உங்கள் சோம்பலுக்குச் சான்றாகிவிடாது. பட்டறை நடத்துபவருக்கு அந்தப் பட்டம் தேவையே இல்லாமலும் போயிருக்கலாம். தேவையில்லை என்றால் வீட்டாரிடம் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். தேவை என்றால், மீதித் தாள்களை எந்த ஆண்டு வரை எழுத அனுமதி உண்டு என்று பல்கலைக்கழகத்தில் இந்த வாரமே விசாரித்துக்கொள்ளுங்கள்.