துப்பாக்கி இல்லாத ஸ்பிட்ஃபயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பறக்கவிட்ட போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் 'மார்க்' வகைகளில் உங்களுக்குப் பிடித்தது எது? என் ஓட்டு, கிரிஃபன் எஞ்சினும் ஐந்து பிளேடு புரொப்பெல்லரும் கொண்ட மார்க் 14க்கு. பலரும் கொண்டாடும் மார்க் 9 அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலைதானே?

கே.

அன்புள்ள கே.,

ஒட்டுவேலைதான். 1941 இறுதியில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானம் வந்ததும் மார்க் 5 விமானிகள் திணறிப்போனார்கள். புதிதாக ஒன்றை வடிவமைத்து முடிக்க அவகாசமில்லை. மார்க் 5 உடலிலேயே மெர்லின் 61 எஞ்சினைப் பொருத்தினார்கள். காற்றை இரண்டு கட்டமாக அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் அதில் இருந்ததால், காற்று மெலிந்த உயரத்திலும் அதற்கு மூச்சு வாங்கவில்லை. 1942 நடுவில் வந்த அந்த ஒட்டுவேலை போர் முடியும்வரை பறந்தது.

வேகத்தில் மார்க் 14 மேல், சரி. ஆனால் கிரிஃபன் மெர்லினுக்கு எதிர்த்திசையில் சுற்றும்; புறப்படும்போது விமானம் மறுபக்கம் இழுக்கும். மெர்லினில் பழகிய விமானியின் கால் ஓடுபாதையில் தவறான மிதியைத்தான் முதலில் தேடும்.

என் மனம் இருப்பதோ மார்க் 9இன் வழிவந்த பி.ஆர். 11இல். படமெடுக்கும் விமானம். துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது. இறக்கையின் முன்விளிம்புக்குள் பெட்ரோல். வானத்தோடு கரைய உடல் முழுக்க நீலம். விமானிக்குப் பின்னால் தரையைப் பார்த்தபடி கேமராக்கள். எதிரி துரத்தினால் உயரமும் வேகமும் மட்டுமே துணை. இரவில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டுவீசி உடைத்த ஜெர்மனியின் மோனே அணையை, 1943 மே 17 காலையில் தனியாகப் போய்ப் படமெடுத்து வந்தது இந்த வகைதான். அந்தப் படத்தில் உடைப்பின் வழியாகத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், தன்னந்தனியாக ஜெர்மனிக்குள் போன அந்த விமானியைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம், 1944 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் நடந்த பாய்ச்சல் சோதனை. மார்ட்டின்டேல் என்ற விமானி சுமார் 40,000 அடியிலிருந்து ஒரு பி.ஆர். 11ஐக் கீழ்நோக்கிச் செலுத்தினார். ஒலி வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைத் தொட்டபோது புரொப்பெல்லரே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சின் துணையில்லாமல் சறுக்கியே வந்து ஃபார்ன்பரோவில் இறக்கினார். அவ்வளவையும் தாங்கியது, ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த மிட்செல் 1930களில் வரைந்த மெல்லிய இறக்கை. அவர் 1937லேயே, நாற்பத்திரண்டு வயதில் இறந்துவிட்டார்.