அச்சுக்குப் போகும் கைப்பிரதி: வாசகர் கேள்வி – பதில்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஜெபக்கூட்டம், மறைக்கல்வி, மீனவர் பணி என்று ஊழியம் செய்கிறவர்களில் பலர் எழுதவும் செய்கிறார்கள். புத்தகம் கொண்டுவரும் வழியில் அவர்களுக்கு எழுந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

மீனவர்களுக்கான தியானக் கட்டுரைகளை அக்டோபரில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஐந்து மாதமாகப் பதில் இல்லை. இது கர்த்தருக்குச் சித்தமில்லையோ?
— வாசகர், பாம்பன்

அப்படி முடிவு கட்டாதீர்கள். அக்டோபரிலிருந்து பொங்கல் வரை தமிழ்ப் பதிப்பகங்களுக்கு ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி வேலையே தலைக்கு மேல் இருக்கும். அந்த நேரத்தில் வரும் கைப்பிரதியைப் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. இப்போது மரியாதையாக இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். கூடவே ஒரு பக்கச் சுருக்கம், பொருளடக்கம், இருப்பதிலேயே நல்ல இரண்டு அத்தியாயங்கள், எல்லாம் யூனிகோடில். இந்த நூலை யார் வாங்குவார்கள் என்பதற்கு "எல்லாரும்" என்று எழுதினால் அது பதிலாகாது. விசைப்படகுத் தொழிலாளர் குடும்பங்கள், மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கூடும் ஜெபக்குழுக்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

மறுத்துவிட்டால்? எரேமியா 36ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக் எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா துண்டு துண்டாக அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டான். எரேமியா வேறொரு சுருளை எடுத்து மறுபடி சொல்ல, பாரூக் எழுதினான். முன்பு இல்லாத பல வார்த்தைகளும் அதில் சேர்ந்தன. கைப்பிரதி திரும்பி வந்தால் அதை அப்படியே இன்னொரு முகவரிக்கு அனுப்பாமல், ஒருமுறை முழுக்கத் திருத்தி எழுதி அனுப்புங்கள். கர்த்தரின் அழைப்பு ஒன்று, ஒரு பதிப்பகத்தின் வெளியீட்டுப் பட்டியல் வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு பேனாவை மூடி வைத்தவர்கள் நம் பக்கத்தில் அதிகம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

என் பிரசங்கக் குறிப்புகளை நூலாக்கக் கொடுத்தேன். எடிட்டர் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டார். ஜெபித்து எழுதியதை இப்படி வெட்டலாமா?
— வாசகி, தங்கச்சிமடம்

வெட்டலாம். பேச்சில் ஒரே கருத்தை மூன்று முறை சொல்வது அவசியம், ஏனென்றால் கேட்கிறவர் பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது. அச்சில் அவரால் முடியும். நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்திலேயே இது தெரிகிறது: "அன்புச் சகோதர சகோதரிகளே, இறைவனின் பராமரிப்பைக் குறித்து ஆழமாகச் சிந்திக்க இன்று நாம் அழைக்கப்பட்டிருக்கிறோம். வாடைக்காற்று முற்றிய நாளில் வத்தை இறங்காது. அன்றைக்கு அடுப்பு எரிவது கடன் வாங்கித்தான்." எடிட்டர் முதல் வாக்கியத்தை எடுத்திருக்கிறார், சரியாகத்தான் செய்திருக்கிறார். இரண்டாவது வாக்கியத்திலேயே வாசகர் உள்ளே வந்துவிடுகிறார்.

எதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதும் உண்டு. 'வத்தை'யைப் 'படகு' என்றும் 'கரைவலை'யை வெறும் 'வலை' என்றும் மாற்றினால் எதிர்த்துச் சொல்லுங்கள். வெளியூர் வாசகருக்கு விளங்கும்படி வாக்கியத்துக்குள்ளேயே பொருள் வைத்துக்கொள்ளலாம். விசுவாசத்தைத் தொடும் சொல்லை நடைக்காக மாற்றினாலும் அதேபோல் எதிர்த்துச் சொல்லுங்கள். வழிமுறை இதுதான்: திருத்திய பிரதியை அச்செடுத்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் 'ஏற்கிறேன்', 'கேட்க வேண்டும்', 'மறுக்கிறேன்' என்று குறியுங்கள். மறுப்பதற்கெல்லாம் ஒரு வரிக் காரணம் எழுதுங்கள். காரணம் எழுத வராத இடங்களில் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் நம் வரி மேல் நமக்குள்ள ஆசைதான், அங்கே பணிந்துவிடுங்கள். கத்தோலிக்க வேதாகமத்திலுள்ள மக்கபேயர் இரண்டாம் நூலின் ஆசிரியர், யாசோன் எழுதிய ஐந்து தொகுதிகளை ஒரே நூலாகச் சுருக்கியவர். அது வியர்வையும் கண்விழிப்பும் கேட்ட வேலை என்று 2ஆம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார். சுருக்குவதும் ஊழியத்தின் பாகம்தான்.

500 பிரதி அச்சாகி வந்தபின் பார்த்தால், சங்கீதம் 121 என்பது 112 என்று விழுந்திருக்கிறது. என்ன செய்ய?
— வாசகர், மண்டபம்

எண் மட்டும் தவறு என்றால் சிறு தாளில் பிழைதிருத்தம் அச்சிட்டு, பொருளடக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டுங்கள். பேனாவால் அடித்து எழுதினால் அழுக்காகத் தெரியும், 500இல் சிலது விட்டும் போகும். வசனத்தில் ஒரு 'இல்லை' விடுபட்டுப் பொருளே புரண்டிருந்தால் விற்பனையை நிறுத்தி, அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி அச்சிட்டு மாற்றுங்கள். செலவுதான், ஆனால் வேதவசனத்தில் சமாளிப்பு கூடாது.

அடுத்த நூலுக்கு மூன்று மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்க எடுக்கும் பிரதி) பாருங்கள். முதல் மெய்ப்பைக் கைப்பிரதியோடு ஒப்பிட, ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க வேண்டும். இரண்டாவதில் திருத்தங்கள் ஏறினவா என்று பார்ப்பதோடு, திருத்தம் செய்த வரிக்கு மேலும் கீழும் படியுங்கள். புதுப் பிழை அங்கேதான் நுழையும். மூன்றாவதில் தலைப்பு, பக்க எண், பொருளடக்கம் மட்டும். வசன எண்களை இவற்றோடு கலக்காமல் தனித்தாளில் பட்டியலிட்டு, வேதாகமத்தைத் திறந்து வைத்து இன்னொரு நாளில் சரிபாருங்கள். பழைய கத்தோலிக்க நூல்களிலிருந்து எடுத்தால் கூடுதல் கவனம் வேண்டும். அவை லத்தீன் வேதாகம எண்ணைப் பின்பற்றியவை. பெரும்பாலான சங்கீதங்களுக்கு எண் ஒன்று குறைவாக இருக்கும், 23 அங்கே 22.

கணினியில் 'கர்த்தர்' என்பதை ஒரே தட்டில் 'ஆண்டவர்' ஆக்கும் வேலை இன்னொரு கண்ணி. 'கர்த்தருக்கு', 'கர்த்தரை' என்னும்போது கடைசி 'ர்' புள்ளியை இழந்துவிடுவதால் தேடலில் அகப்படாது. பாதி நூல் 'கர்த்தர்', பாதி 'ஆண்டவர்' என்று நிற்கும். புள்ளியில்லாமல் தேடி மாற்றினால் எல்லாம் மாறும், ஆனால் மேற்கோள் வசனங்களும் சேர்ந்து மாறிவிடும். பழைய திருப்புதல் வேதாகமத்தில் அந்த இடத்தில் இல்லாத சொல்லை அதன் பெயரில் அச்சிட்டதாக ஆகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதைத் தவிர வழியில்லை.

1000 பிரதி அச்சிட முழுப்பணமும் நானே தர வேண்டும் என்கிறார் ஒரு பதிப்பாளர். நகையை அடகு வைக்கலாமா?
— வாசகி, தொண்டி

வைக்க வேண்டாம். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொன்ன லூக்கா 14:28 உங்களுக்கே எழுதப்பட்டது. டெமி என்னும் புத்தக அளவில், 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 220 சொல் பிடிக்கும். உங்கள் 30,000 சொல்லுக்கு ஏறத்தாழ 136 பக்கம், முன்பக்கங்கள் 8, ஆக 144. அச்சகம் பதினாறு பக்கங்களைச் சேர்த்து ஒரே தாளில் அச்சிடுவதைப் பாரம் என்பார்கள்; அந்தக் கணக்கில் 9 பாரம், மிச்சமில்லை. 146 ஆனால் கூடுதலாக ஒரு பாரத்துக்கோ அரைப் பாரத்துக்கோ காசு போகும். இரண்டு பக்கத்தை வெட்டுங்கள். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1714இல் சுவிசேஷங்களை அச்சிட்டபோது ஐரோப்பாவிலிருந்து வந்த தமிழ் எழுத்து பெரிதாக இருந்தது, காகிதம் போதவில்லை. சிறிய எழுத்து வார்த்துத்தான் 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். நீங்கள் 11 புள்ளிக்குக் கீழே இறங்காதீர்கள், தியான நூல் படிப்பவர்களில் வயதானவர்கள் அதிகம்.

வாங்கக்கூடியவர்களைப் பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். 200 தேறினால் டிஜிட்டல் அச்சில் 250 போதும். ஒப்பந்தத்தில் உரிமை தரும் காலமும் அது செல்லும் இட எல்லையும் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டு, இந்தியா முழுவதும் என்று கொள்ளப்படும். உங்களுக்கு வரும் பங்கான ராயல்டி, அட்டை விலையிலா, வந்த பணத்திலா என்றும் கேளுங்கள். நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது; அதற்கென்று தொகை கேட்டால் உஷாராகிவிடுங்கள்.

ஓரியூர் திருத்தல யாத்திரிகர்களுக்கு ஒரு ஜெபநூல் எழுதியிருக்கிறேன். ஆயர் அனுமதி தேவையா?
— வாசகர், திருவாடானை

தேவை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 826 ஜெபநூல்களுக்கு அனுமதி கேட்கிறது. ஆலயத்தில் வைத்து விற்பதற்கு 827ம் பொருந்தும். உங்கள் ஊர் சிவகங்கை மறைமாவட்டம். நூலை வெளியிடும் இடத்து ஆயரிடமும் பெறலாம். ஓரியூர்த் திருத்தலத்தின் புனிதரான அருளானந்தர் திருநாள் பிப்ரவரி 4 என்பதால், ஆயர் நியமிக்கும் ஆய்வாளர் முழுவதும் படித்துத் திருத்தம் சொல்ல இடம் விட்டு ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

அச்சான நூல்களின் அட்டை வெளிப்பக்கமாகச் சுருள்கிறதே?
— வாசகி, வேதாளை

அட்டையின் வெளிப்பக்கம் லேமினேஷன், உட்பக்கம் வெறும் காகிதம். கடல்காற்றின் ஈரம் உட்பக்கத்தில் மட்டும் ஏறி அது விரிகிறது, பிளாஸ்டிக் விரியாது. காகித இழை முதுகுக்கு இணையாக ஓடாவிட்டால் இன்னும் மோசம், அச்சகத்தில் முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். கட்டுகளைத் தரையிலிருந்து அரை அடி உயரப் பலகையில், சுவரைத் தொடாமல், படுக்கை வாட்டில் அடுக்கி மேலே பாரம் வையுங்கள். ஈரம் உள்ள கட்டைப் பாலித்தீனில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்துக் காற்றாட விடுங்கள். முதல் கட்டிலிருந்து சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி எடுத்து வையுங்கள். 1954 சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் அனுப்ப வேண்டியவை அவை. நீங்களே வெளியிட்டிருந்தால் பதிப்பாளர் நீங்கள்தான்.