கிண்டியில் 100 ரூபாய்க்குள் மதியச் சாப்பாடு கிடைக்குமா?

கேள்வி: சென்னைக்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறேன். அலுவலகம் கிண்டி தொழிற்பேட்டையில். தங்கியிருக்கும் அறையில் சமைக்க வசதி இல்லை. வார நாட்களில் மதியச் சாப்பாட்டை 100 ரூபாய்க்குள் முடிக்க முடியுமா? ரோட்டோர வேன் கடைகளில் நம்பிச் சாப்பிடலாமா?

பதில்: முடியும். 70, 80 ரூபாயிலேயே வயிறு நிறையும். நானும் அந்தப் பேட்டையில்தான் வேலை பார்க்கிறேன், மதியச் சாப்பாடு வெளியேதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோற்றுக்கு ஆகும் காசு எப்போதுமே குறைவுதான். ஆம்லெட், தண்ணீர் பாட்டில், கடைசியில் ஒரு ஜூஸ் என்று கூடவே சேருகிற ஐட்டங்கள்தான் 80-ஐ 180 ஆக்கும். வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போனாலே தினமும் 20 ரூபாய் மிச்சம்.

கிண்டித் தொழிற்பேட்டை, அதாவது திரு.வி.க. தொழிற்பேட்டை, 1958-இல் வந்தது. லேத் பட்டறை, அச்சகம், சின்னச் சின்னக் கம்பெனிகள் என்று இருந்த இடத்தில் பின்னால் ஒலிம்பியா ஐடி பார்க் மாதிரி கண்ணாடிக் கட்டடங்களும் முளைத்தன. அதனால் ஒரே பேட்டையில் இரண்டு விலை. கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஃபுட் கோர்ட்டில் என்ன வாங்கினாலும் 150-க்குக் கீழே இறங்காது. அங்கிருந்து இரண்டு தெரு உள்ளே, பட்டறைகள் இருக்கும் பக்கம் போனால் அதே சாப்பாடு பாதி விலைக்குக் கிடைக்கும். மெயின் ரோட்டில் நின்றுகொண்டு கடை தேடாதீர்கள். பிரஸ் ஓட்டுகிறவரும் வெல்டரும் எந்தத் தெருவுக்குள் நடக்கிறார்களோ அங்கே போங்கள். தினமும் வருகிற ஆட்களை நம்பி நடக்கிற கடையில் இஷ்டத்துக்கு விலை ஏற்ற முடியாது, ருசியையும் குறைக்க முடியாது.

இனி வேன் கடை. பதினொன்றரை மணி வாக்கில் ஒரு பழைய ஆம்னி வேன் வந்து மரநிழலில் நிற்கும். பின்கதவைத் தூக்கினால் அதுவே கூரை. உள்ளே சீட்டைக் கழற்றிவிட்டு ஹாட் பாக்ஸ், எவர்சில்வர் தூக்கு, குழம்பு அண்டா என்று அடுக்கியிருப்பார்கள். நான் போகும் வேன் ஒரு கணவன் மனைவி நடத்துவது. அண்ணன் சோறு போடுவார், அக்கா குழம்பு ஊற்றுவார். கல்லாப்பெட்டி கிடையாது. கதவில் க்யூஆர் ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வந்த பணத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். கலவை சாதம், அதாவது சாம்பார், புளி, லெமன், தக்காளி, தயிர் எதுவானாலும் 50. குழம்புச் சாப்பாடு 70: சாதம், சாம்பார் அல்லது காரக்குழம்பு, ரசம், மோர், ஒரு பொரியல், அப்பளம். முட்டை தனிக் காசு. “அக்கா, இன்னும் கொஞ்சம் சாதம்” என்று தட்டை நீட்டினால், “ரசம் ஊத்திக்கோ தம்பி, மோர் காலியாயிடுச்சு” என்று ஒரு கரண்டி கூடவே விழும். அதற்குக் காசு கிடையாது.

நம்பலாமா என்றால், கடைக்குக் கடை வேறுபடும். நான் முதலில் பார்ப்பது அண்டாவின் அளவை. சின்ன அண்டாவோடு வந்து இரண்டு மணிக்குள் காலியாகிற வேனில் நேற்றையது மிஞ்ச வாய்ப்பில்லை. மூன்றரை மணிக்கும் நிறைய வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் நான் சாப்பிடமாட்டேன். அடுத்தது தட்டு கழுவும் இடம். ஒரே வாளியில் முக்கி எடுக்கிறார்களா, இல்லை தட்டின் மேல் வாழை இலையை வைத்துக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். இலை என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. சில கடைகளில் இலைக்குப் பதில் பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் கொதிக்கிற சாம்பாரை ஊற்றுவார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்தத் தாளுக்குத் தடை. தடை இல்லாவிட்டாலும் அதில் நான் சாப்பிடமாட்டேன். ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டுபோய் நீட்டுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னியை ஒதுக்கிவிடுவது நல்லது. ஃபிரைட் ரைஸ் வண்டி பக்கம் மதியத்தில் நான் போவதே இல்லை. சோயா சாஸ் எதையும் மறைத்துவிடும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் என்று 14 இலக்க எண் ஒன்று உண்டு. வேனில் அதை ஒட்டியிருந்தால் நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பிச் சாப்பிட முடியாது, கண்ணால் பார்ப்பதுதான் பெரிய சோதனை.

பன்னிரண்டரைக்குப் போய்விடுங்கள். ஒரு மணிக்குக் கம்பெனிகளில் இடைவேளை விட்டதும் கூட்டம் மொய்க்கும், பொரியல் தீரும், உங்களுக்கு ஊறுகாய்தான் மிஞ்சும்.

உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் மெஸ். பலகையில் ‘அளவுச் சாப்பாடு’ என்று தேடுங்கள், 80 முதல் 100-க்குள் இருக்கும். முழுச் சாப்பாடு 120, 130 ஆகும். சாப்பிட்டுவிட்டு மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறவருக்கு அளவே போதும், முழுச் சாப்பாடு தூக்கத்தைத்தான் கொடுக்கும். இன்னொரு வழியும் உண்டு, ஆனால் கூட ஒரு ஆள் வேண்டும். பல மெஸ்களில் பார்சல் சாப்பாட்டுக்கு அளவுச் சாப்பாட்டைவிட விலை கூட. ஆனால் அதில் கட்டும் சாதம் ஒரு ஆளால் சாப்பிட்டு முடிக்கக் கூடியது இல்லை. பக்கத்து சீட்டுக்காரரோடு ஒரு பார்சலைப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 60, 65-தான். தினமும் ஒரே மெஸ்ஸுக்குப் போவதாக இருந்தால் மாத டோக்கன் உண்டா என்று கேளுங்கள். முன்பணம் கட்டுகிறவருக்கு விலை குறைத்துத் தருவார்கள். பலகையில் எழுதியிருக்காது, கேட்டால்தான் தெரியும்.

பில்லையும் பாருங்கள். ஹோட்டல் சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2017 நவம்பரிலிருந்து அதே 5 சதவீதம்தான். சின்னக் கடைகள் பலவும் ‘காம்போசிஷன்’ என்கிற, சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருக்கும். அந்தக் கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது, அதை பில்லிலேயே எழுதியிருக்கவும் வேண்டும். 100 ரூபாய்ச் சாப்பாட்டில் 5 ரூபாய்தானே என்று தோன்றலாம், மாதக் கடைசியில் அது ஒரு நாள் சாப்பாடு.

பிரியாணி ஆசை வந்தால் குஸ்கா கேளுங்கள். அதே தம், அதே மசாலா, கறித் துண்டு மட்டும் இருக்காது, விலை கிட்டத்தட்ட பாதி. தெரிந்த கடையாக இருந்தால் தால்சாவோடு ஒரு எலும்பும் வந்து விழும்.

ரொம்பக் கை கடிக்கிற வாரத்துக்கு அம்மா உணவகம் இருக்கவே இருக்கிறது. 2013-இல் தொடங்கியபோது சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று வைத்தார்கள். வெளியே எல்லாம் ஏறியும் அந்த விலை அப்படியே நின்றது. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை. ருசி இடத்துக்கு இடம் மாறும், காய்கறி அதிகம் எதிர்பார்க்க முடியாது. சாம்பார் சாதம் வாங்கி, கையோடு கொண்டுபோன அவித்த முட்டை இரண்டைச் சேர்த்தால் 25 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அங்கே சாப்பிடுவதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. வரிசையில் ஐடி கார்டு தொங்கும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்விக்கி, சொமாட்டோ உங்கள் பட்ஜெட்டுக்கு ஒத்துவராது. பல கடைகள் ஆப்பில் ஒரு விலை, நேரில் ஒரு விலை வைக்கின்றன. அதன்மேல் பேக்கிங், டெலிவரி, 2023-இல் 2 ரூபாயில் ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும் பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் சேரும். ஃபுட் டிரக் என்று பெயின்ட் அடித்து விளக்குப் போட்ட வண்டிகள் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் நிறைய நிற்கும். பெரும்பாலும் சாயங்காலத்துக்குமேல்தான், பர்கர், மோமோ, ஷவர்மா. நண்பர்களோடு போக நன்றாக இருக்கும், மதியப் பசிக்கு உதவாது.

விலையெல்லாம் நான் இப்போது கொடுப்பது. கடைக்காரர்கள் வாங்கும் 19 கிலோ கமர்ஷியல் கேஸ் சிலிண்டர் விலை மாதா மாதம் முதல் தேதி மாறும். இரண்டு முறை தொடர்ந்து ஏறினால் பலகையில் 70 அழிந்து 80 ஆகும்.

அப்புறம், ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வேன் வராது, வந்தாலும் நிற்க இடம் இருக்காது. அந்த நாட்களுக்காக மெஸ் டோக்கன் நாலைந்து மேஜை டிராயரில் போட்டு வையுங்கள்.